அத்தியாயம் 6: மணி அடித்த பிறகு

முதல் ஒத்திகை நடத்திய நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன. ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆபத்து என்றால் நீளமாக மணி அடிக்கும், எல்லோரும் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லியாயிற்று. வகுப்புகளிலும் சொல்லச் சொல்லியாயிற்று. பிற்பகல் மூன்றே காலுக்கு அலுவலக உதவியாளர் நீளமாக மணியை அடித்தார். அடுத்த நிமிடம் பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலைப் பார்த்து ஓடியது. சைக்கிள் வைத்திருந்தவர்கள் சைக்கிளையும் எடுத்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தம் வரைக்கும் போய்விட்ட எட்டாம் வகுப்புப் பையன்களைத் திருப்பி அழைத்துவர உடற்கல்வி ஆசிரியர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நீள மணி என்றால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டாயிற்று என்று அர்த்தம். முதல் வகுப்பிலிருந்து காதில் ஏறிய அர்த்தத்தை ஒரு கூட்டம் போட்டு மாற்றிவிட முடியும் என்று நினைத்தது என் பிழை.

பிற்பாடு நான் நடத்திய எத்தனையோ ஒத்திகைகளில் அந்த முதல் ஒத்திகைதான் அதிகம் கற்றுத் தந்தது. ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிக்கும் தலைமையாசிரியர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒத்திகை நடத்துவது உங்கள் பள்ளியில் எது கோளாறு என்று கண்டுபிடிக்க. "ஒத்திகை சிறப்பாக நடைபெற்றது" என்று ஒரே வரியில் எழுதி, நான்கு படம் ஒட்டி மேலே அனுப்பினால் கோப்பு நிறையும். பள்ளி முன்னே இருந்தபடியேதான் இருக்கும்.

சட்டம் எங்கிருந்து வந்தது

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை முற்பகல். கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் சமையல் நடந்த இடத்துக் கீற்றில் பற்றிய தீ, மேல்தளத்து வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. எரிந்த கூரை பிள்ளைகள் மேலேயே விழுந்தது. இறங்குவதற்கு இருந்தது குறுகலான ஒரே படிக்கட்டு. 94 குழந்தைகள் போனார்கள். நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரை இருக்கக்கூடாது என்று அரசு உத்தரவிட்டதும் அப்போதுதான்.

அந்தச் சம்பவத்தை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. பள்ளிகளில் தீயணைப்பான்கள் இருக்க வேண்டும், அவற்றைக் கையாள ஆசிரியர்களும் ஊழியர்களும் பயிற்சி பெற வேண்டும், கட்டடம் தேசியக் கட்டட விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பவை அதில் வந்த கட்டளைகள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் இதற்கு அடுத்த படி. ஒவ்வொரு பள்ளிக்கும் தனியாக ஒரு பேரிடர் திட்டம் வேண்டும், அதை ஒத்திகை பார்த்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பது அதன் சாரம்.

எத்தனை முறை நடத்துவது? ஆண்டுக்கு ஒரு முறை என்பது என் கணக்கில் போதாது. ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரத்துக்குள் ஒன்று, பிறகு பருவத்துக்கு ஒன்று. முதலாவதை எல்லோருக்கும் சொல்லிவிட்டு நடத்துங்கள். அடுத்ததை ஆசிரியர்களுக்கு மட்டும் சொல்லுங்கள். மூன்றாவதை உங்களோடும் மணி அடிப்பவரோடும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் நடத்துகிற நாளில் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் முன்கூட்டியே ஒரு தகவல் கொடுத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எதிர்க்கடைக்காரர் 101ஐ அழைத்துவிடுவார்.

ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944இல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன வீரர்கள் மாண்டதன் நினைவு. தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் காட்டத் தயாராக இருக்கும் அந்த வாரத்தில் நம் பள்ளிகளில் தேர்வு நடக்கும் அல்லது விடுமுறை விட்டிருக்கும். ஆகவே நீங்களாக ஒரு கடிதம் எழுதி ஜூலையிலோ, தீபாவளிக்கு முன்போ கூப்பிடுங்கள். வருவார்கள்.

எந்த மணி

பள்ளி விடும் மணிக்கும் ஆபத்து மணிக்கும் குழப்பமே வரக்கூடாது. எங்கள் பள்ளியில் கடைசியில் நிலைத்தது மூன்று மூன்றாக விட்டுவிட்டு அடிக்கும் முறை. மின்சார மணியை நம்ப வேண்டாம். மின்கசிவில் தீப்பிடித்தால் முதலில் செய்ய வேண்டியது மெயினை அணைப்பது. அணைத்த பிறகு எந்த மணி அடிக்கும்? அந்தக் காலத்துத் தண்டவாளத் துண்டு ஒன்று எந்தப் பழைய பள்ளியிலும் மூலையில் கிடக்கும். அதை மறுபடி தொங்கவிடுங்கள். இரண்டாவது கட்டடம் தள்ளி இருந்தால் அங்கே ஒரு விசில் வேண்டும். காது கேளாத பிள்ளை இருக்கிற வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குத் தோளைத் தொட்டு எழுப்பும் பொறுப்பைக் கொடுத்துவையுங்கள்.

மணி அடித்ததும் பை எடுப்பதில்லை. இதைப் பழக்குவது நினைப்பதைவிடக் கடினம். பை தொலைந்தால் வீட்டில் அடி விழும் என்பது பிள்ளைக்குத் தெரியும். கூரை விழும் என்பது அதற்குத் தெரியாது. முதல் ஒத்திகைக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லி, பை போனாலும் பரவாயில்லை என்று அவர்கள் வாயாலேயே பிள்ளைகளிடம் சொல்லவையுங்கள்.

வழியும் பூட்டும்

ஒத்திகைக்கு முந்தைய நாள் கையில் ஒரு நோட்டோடு, ஆசிரியர் யாரும் உடன் வராமல், ஒவ்வொரு வகுப்பின் கடைசி பெஞ்சிலிருந்து மைதானம் வரை நடந்து பாருங்கள். கூடவே ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப்போவது இன்னும் நல்லது. நம் கண்ணுக்குத் தெரியாதது அதற்குத் தட்டும்.

வகுப்பு வாசலில் கழற்றிப்போட்ட செருப்புக் குவியல் ஒன்று. நாற்பது ஜோடிச் செருப்பு நிலைப்படிக்கு நேரே கிடந்தால் முதலில் ஓடிவருகிற பிள்ளை அங்கேதான் விழும். செருப்பை வாசலுக்குப் பக்கவாட்டில், சுவரோரம் வரிசையாக விடச் சொல்லுங்கள். வராந்தாவில் அடுக்கிய உடைந்த பெஞ்சுகள், படிக்கட்டின் அடியில் கட்டிவைத்த பழைய விடைத்தாள்கள், வழியை மறித்து நிற்கும் சைக்கிள்கள், இன்னும் பிள்ளைகளுக்குக் கொடுத்து முடிக்காத விலையில்லாப் பொருள்களின் அட்டைப்பெட்டிகள். இவற்றில் பாதி எரியும், மீதி தடுக்கும். பழைய பெஞ்சுகளைக் கழித்துக்கட்ட அனுமதி வரவில்லை என்பீர்கள். எனக்கும் வரவில்லை. வராந்தாவிலிருந்து எடுத்து வேலியோரம் போட அனுமதி தேவையில்லை.

அடுத்தது பூட்டு. பின்வாசல் பூட்டியிருக்கும். காரணம் கேட்டால் நியாயமாகவே இருக்கும். மாலையில் வெளியாட்கள் உள்ளே வந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போடுகிறார்கள். மாடிப்படி கிரில் கேட்டும் அப்படியே. கணினி அறைக்குப் பாதுகாப்பு. மாலை ஐந்து மணிக்கு அந்தப் பூட்டு சரிதான். காலை ஒன்பது மணியிலிருந்து அது திறந்திருக்க வேண்டும். யார் திறக்கிறார், அவர் விடுப்பு எடுத்தால் யார் திறக்கிறார் என்று இரண்டு பெயர் எழுதி ஒட்டுங்கள். தேசியக் கட்டட விதிகள் பள்ளிப் படிக்கட்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலம் கேட்கின்றன. உங்கள் படிக்கட்டு அதைவிடக் குறுகல் என்றால் அதை நீங்கள் இன்றைக்கு இடித்துக் கட்ட முடியாது. ஆனால் எந்த வகுப்பு முதலில் இறங்கும், எது காத்து நிற்கும் என்பதை இன்றைக்கே எழுதலாம். மாடியில் சின்ன வகுப்புகளை வைத்திருந்தால் கீழே மாற்றிவிடலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இறங்கும்போது பிள்ளைகளுக்கு மூன்றே சொல்: ஓடாதே, தள்ளாதே, திரும்பாதே. வகுப்புத் தலைவன் முன்னால், ஆசிரியர் கடைசியில். ஆசிரியர் முன்னால் போய்விட்டு அங்கிருந்து கையசைத்துக் கூப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவரிடம் தனியாகப் பேச வேண்டும், கூட்டத்தில் வேண்டாம். நடக்க முடியாத பிள்ளை ஒன்று இருந்தால் அந்தப் பிள்ளைக்கென்று பெயர் சொல்லி இரண்டு பெரியவர்களை நியமித்து, ஒத்திகையிலும் உண்மையாகவே தூக்கிவரச் செய்யுங்கள். "பாவம், அவன் உட்காரட்டும்" என்று வகுப்பிலேயே விட்டுவிட்டு ஒத்திகை நடத்துவது பரவலாக இருக்கிறது. இரக்கம் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் தீ வரும் நாளிலும் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மற்ற எல்லோருக்கும் அது பயிற்சியாகிவிடும்.

கூடும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கண் வேண்டும். மேலே மின்கம்பி, பக்கத்தில் பழைய தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம், சுற்றுச்சுவர் எதுவும் கூடாது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் இடைவேளை நேரத்தில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் சரிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அன்று நிலநடுக்கமும் இல்லை, புயலும் இல்லை. 2001 ஜனவரி 26, குஜராத் நிலநடுக்கத்தில் அஞ்சார் நகரில் குடியரசு நாள் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள், இரண்டு பக்கக் கட்டடங்களும் சரிந்து குறுகிய தெருவிலேயே புதைந்தார்கள். சந்தையும் சந்தும் கூடும் இடம் ஆகா.

எண்ணிக்கை

பிள்ளைகள் மைதானத்துக்கு வந்து சேர்ந்ததும் ஒத்திகை முடிந்துவிட்டதாகப் பல பள்ளிகளில் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று தீயணைப்பு வீரர் வந்ததும் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல முடியாத தலைமையாசிரியர், நெருப்புக்குள் ஒருவரைத் தேவையில்லாமல் அனுப்புகிறார், அல்லது ஒரு பிள்ளையை உள்ளேயே விட்டுவிடுகிறார்.

எங்கள் இரண்டாவது ஒத்திகையில் மணி ஒழுங்காகப் புரிந்தது. எல்லோரும் மைதானத்துக்கு வந்தார்கள். காலை வருகை 412. மைதானத்தில் எண்ணியபோது 408. மறுபடி எண்ணினோம், 408. நான்கு பேர் எங்கே? ஒருத்தி கழிப்பறையில். மணி கேட்டுப் பயந்து தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டாள். ஒருவன் காய்ச்சல் என்று ஆசிரியர் அறை பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மற்ற இருவர், கையில் ஒரு தூக்குவாளியோடு முன்வாசல் வழியாக நிதானமாக உள்ளே வந்தார்கள். ஆசிரியர்களுக்குத் தேநீர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள்.

அன்றோடு தேநீருக்குப் பிள்ளைகளை அனுப்புவது எங்கள் பள்ளியில் நின்றது. பல சுற்றறிக்கைகளால் ஆகாத காரியம் அந்தத் தூக்குவாளியால் ஆயிற்று.

ஆகவே விதி இது. வகுப்பை விட்டு எந்தப் பிள்ளை வெளியே போனாலும் கரும்பலகையின் ஒரு மூலையில் அதன் பெயர் இருக்க வேண்டும், திரும்பியதும் அழிக்க வேண்டும். வருகைப் பதிவு இப்போது செயலியில் ஏறுகிறது. நல்லதுதான். ஆனால் கைப்பேசியில் சார்ஜ் இருக்காது, சிக்னல் இருக்காது, ஆசிரியர் அதை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார். காலை வகுப்புவாரி எண்ணிக்கையை ஒரு துண்டுத்தாளில் எழுதி அலுவலக வாசலில் ஆணியில் குத்திவையுங்கள். ஓடும்போது கையில் எடுக்க வேண்டிய ஒரே காகிதம் அதுதான். கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வருவதற்கென்று ஒருவர், அவர் வராத நாளுக்கு இன்னொருவர். சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர், தூய்மைப் பணியாளர், அன்று சான்றிதழ் வாங்க வந்து நிற்கும் பெற்றோர் எல்லோரும் எண்ணிக்கைக்குள் வர வேண்டும்.

எண்ணி முடித்ததும் அடுத்த சிக்கல் வாசலில் நிற்கும். 2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பல தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தது. புரளிதான். ஆனால் செய்தி பரவியதும் பெற்றோர் பதறி வந்து வாசல்களில் குவிந்தார்கள். அந்த நெரிசலில் பிள்ளையை யார் கையில் கொடுப்பது? பெற்றோர் அல்லது அவர்கள் முன்பே எழுதிக்கொடுத்த ஒருவர், அதுவும் கையெழுத்து வாங்கிக்கொண்டு. சித்தப்பா என்று சொல்லி வருகிற எல்லோரும் சித்தப்பா இல்லை. பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் ஊரை நன்றாக அறிந்த இருவரை வாசலில் நிறுத்தினால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நுழைய வழியும் கிடைக்கும்.

சமையற்கூடம்

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் இப்போது பல பள்ளிகளில் ஆசிரியர் வருவதற்கு முன்பே அடுப்பு எரிகிறது. ஆகவே ஒத்திகையில் சமையலர் அக்காதான் முக்கியமான ஆள். அவருக்கு மூன்று காரியம் கை பழக வேண்டும்: ரெகுலேட்டரை மூடுவது, எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுவது, உடனே ஆளைவிட்டு மணி அடிக்கச் சொல்வது.

தீயணைப்பான் என்ற சிவப்புச் சிலிண்டரைச் சுவரில் மாட்டி மாலை போடாத குறையாக வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை அதன் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். ஊசியை இழுத்து, குழாயை நெருப்பின் அடிப்பாகத்துக்குக் காட்டி, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். சின்ன சிலிண்டர் பத்துப் பதினைந்து வினாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் அணையவில்லை என்றால் அது உங்கள் வேலை அல்ல. வெளியேறிவிடுங்கள்.

கடலோரப் பள்ளிகளுக்கு

ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பதால் நம் கடலோரப் பள்ளிகள் மூடியிருந்தன. திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜப்பானில் பார்க்கலாம். 2011 மார்ச் 11 அன்று இஷினோமாகி நகரத்தின் ஒகாவா தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், நிலநடுக்கம் நின்றதும் கற்றுத்தந்தபடியே மைதானத்தில் வரிசையாகக் கூடினார்கள். அதுவரை எல்லாம் சரி. அதற்குப் பின் எங்கே போவது என்று முடிவாகவில்லை. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தது. ஆழிப்பேரலை 74 மாணவர்களையும் 10 ஆசிரியர்களையும் கொண்டுபோயிற்று. பள்ளியின் கையேட்டில் அடுத்த இடமாக எழுதியிருந்தது, "பக்கத்துக் காலி இடம், பூங்கா முதலியன" என்ற பொருளில் ஒரு வரி. எந்த இடம் என்று பெயர் இல்லை. வழக்கு நீதிமன்றம் போய், முன்னேற்பாடு போதாது என்று பெற்றோர் பக்கமே தீர்ப்பானது.

அதே நாளில் கமாய்ஷி நகரத்தில், நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடினார்கள். குறித்துவைத்த இடத்தை அடைந்தும் நிற்காமல், அது போதாது என்று கண்டு இன்னும் மேலே ஏறினார்கள். பிழைத்தார்கள்.

நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ பள்ளிக்குப் பின்னால் குன்று கிடையாது. உறுதியான மாடிக் கட்டடமோ, புயல் பாதுகாப்பு மையமோ, உள்ளே தள்ளி இருக்கும் மேட்டு நிலமோதான். எதுவானாலும் கதவு எண்ணோடு, சாவி வைத்திருப்பவர் பெயரோடு எழுதுங்கள். "முதலியன" என்ற சொல்லைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர்ப் பயிற்சி என்று மாணவிகளை மாடியிலிருந்து கீழே விரித்த வலையில் குதிக்கச் சொன்னார் பயிற்சியாளர் ஒருவர். தயங்கிய மாணவியைப் பின்னாலிருந்து தள்ளினார். அந்தப் பெண் கீழ்த்தளத்து மழைத்தடுப்பில் மோதி இறந்துபோனார். அந்த ஆளுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்லிவிட்டது.

ஒத்திகையில் குதிப்பது, கயிற்றில் தொங்குவது, நெருப்பைத் தாண்டுவது எதுவும் கிடையாது. தத்ரூபமாக இருக்கட்டும் என்று டயரைக் கொளுத்திப் புகை போடாதீர்கள். வகுப்புக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளுக்காவது மூச்சிரைப்பு இருக்கும். அடையாளச் சான்று கேட்காமல் எந்தப் பயிற்சியாளரையும் உள்ளே விடாதீர்கள். சட்டையில் வில்லை குத்தியிருப்பது சான்று ஆகாது. சிறு வகுப்புகளுக்குச் செத்துப்போவதைப் பற்றிப் பேச வேண்டாம். மணி, வரிசை, மைதானம், எண்ணிக்கை என்று ஒரு விளையாட்டுப் போலக் கற்றுக்கொள்வார்கள்.

பதிவேடு

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தேதி, மணி அடித்த நேரம், கடைசிப் பிள்ளை மைதானத்துக்கு வந்த நேரம், எண்ணிக்கை சரியான நேரம். அதற்குக் கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரே தலைப்பு: இன்று கண்ட கோளாறு. ஒவ்வொரு கோளாறுக்கு நேரேயும் சரிசெய்பவர் பெயர், தேதி. கோளாறு இல்லை என்று எந்த ஒத்திகைக்கும் எழுதாதீர்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பணம் தேவைப்படும் கோளாறுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தில் ஏற்றி, நகலை மேலே அனுப்பி, ஒப்புகையை அதே பக்கத்தில் ஒட்டுங்கள்.

அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எண்கள் இருக்கட்டும்: தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, குழந்தைகள் உதவி 1098. அவற்றுக்கு அடியில் உங்கள் பள்ளியின் முழு முகவரியும் பக்கத்து அடையாளமும் எழுதுங்கள். பதற்றத்தில் பத்தாண்டு வேலை பார்த்த ஆசிரியருக்கும் தெருப்பெயர் மறந்துபோகும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. நாளைக் காலை பிரார்த்தனைக் கூட்டம் முடிந்ததும் பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். பதில் வர எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதைப் பதிவேட்டின் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.